கொட்டகைக் காற்று

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்த்த இடம் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே மசாலா அரைக்கும் மில், மேலே காற்றை மோப்பம் பிடிக்கும் சென்சர் செய்யும் நாங்கள். இந்த இடத்தை யார் பார்த்துப் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள். மில் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்திருப்பார்கள். மற்ற நாள்களில் கீழே மிளகாய் வறுத்தால் மேலே கம்ப்யூட்டர்த் திரையில் கோடுகளெல்லாம் குதிக்கும். நாங்கள் ஒரு பக்கம் தும்ம, எங்கள் சென்சர்கள் அவற்றின் பாணியில் தும்மும். கடைசியில் மில்காரர்களிடம் கெஞ்சி, எந்த நேரத்தில் என்ன வறுப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரமாகப் பார்த்துச் சாப்பிடப் போவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அந்த மாடி இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்க்காமல் வர முடிவதில்லை. ஏசி ஓடாத, சன்னல் ஒழுங்காகச் சாத்தாத அந்த இடத்தை நான் இப்படி நினைத்து ஏங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அதற்கு முன்னால் பல வருடங்கள், கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு, கண்ணுக்கு முன்னால் மைக்ராஸ்கோப், சில்லுகளில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. என் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். நான் போகவில்லை. நுண்ணிய வேலைக்குப் பழகிய கை வேண்டும் என்று இந்தச் சின்னக் கம்பெனி தேடியபோது வந்து சேர்ந்தேன். பாஸ் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிட இளையவர், பெரிய படிப்புப் படித்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை ‘சாப்டாச்சா’. வணக்கத்துக்கும் அதுதான், வாழ்த்துக்கும் அதுதான். நான் கோபத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதும் அதையே கேட்பார். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

நாங்கள் செய்த சென்சர் மிளகு அளவு இருக்கும். அதன் தலையில் ஓர் உலோக ஆக்சைடைக் கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளாகப் படிய வைப்போம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி இருக்கும். இழை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் காற்று படும் இடம் அதிகம். காற்றில் கொஞ்சம் அமோனியா இருந்தாலும் அந்தப் பஞ்சில் வந்து ஒட்டும், உடனே அதில் மின்சாரம் ஓடும் விதம் மாறும். அந்த மாற்றத்தை எண்ணாக்கிக் கைப்பேசிக்கு அனுப்ப ஒரு பெட்டி. கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டகை, உரம் கொட்டும் காய்கறித் தோட்டம் என்று எங்கெங்கே காற்று கெடுகிறதோ அங்கெல்லாம் இந்தப் பெட்டியை மாட்ட வேண்டும் என்பது பாஸின் கனவு.

கனவுக்குக் குறுக்கே நின்றது பினாங்கின் ஈரம். மத்தியானம் ஒரு மழை பெய்தால் போதும், ஈரத்தையும் அமோனியா என்று நினைத்துக்கொண்டு பெட்டி ஊரைக் கூட்டும். அதற்குத் தனியாக ஈரம் பார்க்கும் சில்லு ஒன்றை வைத்துச் சமாளித்தோம். அடுத்த தொல்லை பல்லிகள். சென்சர் வேலை செய்யச் சூடாக இருக்க வேண்டும். அந்த இளஞ்சூடு எந்தப் பல்லிக்குப் பிடிக்காது? பெட்டியைத் திறந்தால் உள்ளே குடும்பத்தோடு குடியிருக்கும். விரட்டுவதற்கென்றே என்னிடம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

எங்கள் பெட்டிக்கு முதல் சோதனையாக அமைந்தது புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு மாட்டுக் கொட்டகை. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியது. நான் அவர்களை அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் புல் அறுப்பார், தவ்பூ என்கிற சோயாக் கட்டி செய்கிற இடத்திலிருந்து சக்கை கொண்டு வருவார், வீடு வீடாகப் பால் ஊற்றுவார். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அக்காவுக்கு அந்தக் குறையே கிடையாது. பால் கறப்பது, மாட்டைக் கழுவுவது, கன்று பார்ப்பது எல்லாம் அவர்தான், எல்லாவற்றையும் பேசிக்கொண்டே செய்வார். நான் போன முதல் நாளே என்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். டீ என்று சொல்லி அவர் கொடுத்தது முக்கால்வாசி பால்.

கொட்டகைக்கு அடுத்தாற்போல் காலி நிலமாகக் கிடந்த இடத்தில் புது வீடுகள் வரிசையாக வந்திருந்தன. குடிவந்தவர்கள் புதுமனை புகுவிழாவில் காய்ச்சிய பால் அக்கா கறந்தது. முதலில் கறந்ததை எடுத்து, நுரை அடங்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தப் பால் வாங்கிய வீடுகளிலிருந்தே, நாற்றம் தாங்கவில்லை என்று ஊராட்சி மன்றத்துக்குப் புகார் போனது. அக்காவுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கோபமும் வரும், சிரிப்பும் வரும். பாலுக்கு மட்டும் நாற்றமில்லையாக்கும் என்பார்.

மன்றத்தில் நியாயமாகத்தான் சொன்னார்கள். சில மாதங்கள் வேலி ஓரத்தில் அளந்து பார்ப்போம், அமோனியா வரம்புக்குள் இருந்தால் கொட்டகை இருக்கட்டும், தாண்டினால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அளக்கும் வேலை எங்களுக்கு வந்தது. நான் போய் வேலித் தூணில் பெட்டியை மாட்டினேன். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் பிழைப்பு என் கைப்பேசியில் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

கோடு தாழ்வாகவே ஓடியது. எனக்கே ஆச்சரியம். அத்தனை மாடுகள் நிற்கிற இடத்தில் இவ்வளவுதானா என்று கேட்டேன். புகார் வந்த உடனேயே வீடுகள் இருந்த பக்கம் முழுவதையும் சிங்குத் தகரம் போட்டு அடைத்துவிட்டதாகவும், தகரம் போதாத இடத்தில் கேன்வாஸ் கட்டியதாகவும் அக்கா சொன்னார்.

“நம்ம வாசம் அவங்களுக்கு ஆகலன்னா நம்மகிட்டயே இருக்கட்டும்லா தங்கச்சி.”

அதைக் கேட்டு நானும் சேர்ந்து சிரித்தேன். நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. அக்காவுக்கு ஓயாத இருமல் இருந்தது. பேச்சுக்கு நடுவே இருமிவிட்டு, பிறையில் புகைபோக்கிகள் விடுகிற புகைதான் இப்படிச் செய்கிறது என்று திட்டுவார். கிளினிக்கில் கொடுத்த மருந்து பாட்டில்கள் தீவனப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். பிறையில் அத்தனை வருடம் இருந்த எனக்கு இருமல் இல்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னொரு டீ வந்ததும் மறந்துவிட்டேன்.

அந்த வருடம் பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கல் முடிந்து வேலைக்குப் போய்க் கோட்டைப் பார்த்தேன். தாழ்வாக ஓடிக்கொண்டிருந்த கோடு நட்டுக்கொண்டு மேலே போயிருந்தது. பூசை செய்திருப்பார்கள், சாம்பிராணிப் புகை போட்டிருப்பார்கள், அதுதான் என்று பாஸிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். மறுநாள் விடியற்காலையிலும் அதே உயரம். அதற்கு மறுநாளும் அப்படியே. எந்த ஊரில் மூன்று நாள் சாம்பிராணி போடுவார்கள்? மன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கோட்டை அப்படியே கொடுத்தால் கொட்டகை போய்விடும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன். ஃபெரிப் பயணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். தீவு பின்னால் போகப் போக, மில் வாசம், பாஸ், திரை எல்லாம் பின்னால் போய்விடும். பட்டர்வொர்த் வரும் வரை யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. அன்றைக்கு மட்டும் கடலை நான் பார்க்கவே இல்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றேன்.

போய்ப் பார்த்தால் வேலியில் பெட்டி இல்லை. கொட்டகைக்குள்ளே, அக்கா பால் கறக்க உட்காரும் இடத்தை ஒட்டி, தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. விஷயம் இதுதான். மாட்டுப் பொங்கல் அன்று தொழிலுக்கு உதவும் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைப்பார்கள். வாளி, புல்லரிவாள், பால் கேன், அண்ணனின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு. எங்கள் பெட்டியும் அந்தக் கொட்டகைக்காக உழைக்கிறதே, அதை மட்டும் வெளியே விடலாமா என்று அக்கா கழற்றிக் கொண்டு வந்து சாமிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

பூசை முடிந்த அன்றே திரும்ப வேலியில் மாட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

“மாலை வாடலையே. வாடாம எப்படி எறக்குறது?”

அது அவர்கள் வீட்டு வழக்கமாம், போட்ட மாலை வாடும்வரை பொருளை இடம் மாற்றக் கூடாது. போதாததற்கு, பாவம் வாடுகிறதே என்று தினமும் மாலைக்குத் தண்ணீர் வேறு தெளித்திருக்கிறார். அந்தத் தண்ணீர் என் நானோ இழைகளை என்ன பாடு படுத்தியதோ என்று நினைத்தபோது அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. கொட்டகை பிழைத்தது என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. அண்ணனும் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெட்டியைக் கழற்ற வேண்டுமே என்று அக்காவின் சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். திருகாணியைத் தேடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கண் எரிந்தது. தொண்டையில் ஏதோ பிடித்துக்கொண்டது. என் முகமும் பெட்டியும் ஒரே உயரத்தில் இருந்தன. அப்போதுதான் உறைத்தது. தினமும் விடியற்காலையில் இந்த முக்காலியில் உட்கார்ந்து, மாட்டு வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அக்கா இழுக்கிற காற்றைத்தான் பெட்டி மூன்று நாளாகக் காட்டியிருக்கிறது. தகரம் அடைத்த பிறகு வாசம் அக்கா சொன்னபடி அவர்களிடமே இருந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பாஸிடம் சொன்னேன். இடம் மாறி அளந்தது செல்லாது, அந்த நாள்களை அறிக்கையில் சேர்க்க வேண்டாம், மன்றம் கேட்டது வேலிக் காற்றைத்தான் என்றார். சரிதான். வேலிப் பெட்டி வேலிக்கே திரும்பியது. ஆனால் தண்ணீர் படாத புதுச் சில்லோடு இன்னொரு பெட்டியை உள்ளே மாட்டிப் பார்க்க வேண்டும், நமக்காக, என்று பிடிவாதம் பிடித்தேன். சாப்டாச்சா என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரம் பார்த்தோம். சந்தேகத்துக்கே இடமில்லை. விடியற்காலையில், தரை கழுவுவதற்கு முன்னால், கோடு ஏறிய உயரம் எனக்குத் தெரிந்த உயரம். பிறையில் நான் வேலை பார்த்த இடத்தில் அந்த அளவு வந்தால் மணி அடித்து எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை, மறுக்கவும் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“சிங்குத் தகரத்தைக் கழட்டுனா வாசம் வெளிய போவும். வாசம் போனா மாடு போவும். அப்புறம் நான் எதுக்கு விடியக்காலையில எந்திரிக்கிறது?”

அண்ணனிடம் மட்டும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். என்னிடம் போய் இப்படிக் கேட்டால்? மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேச எனக்கு வராது. அண்ணன் புல்லுக்கட்டோடு வந்து இறங்கியதும் கைப்பேசியை நீட்டினேன்.

“அண்ணே, அக்காவோட இருமல் பிறையிலேருந்து வரல. இங்கேருந்துதான் வருது.”

கோட்டை அவருக்கு விளக்கினேன். எது விடியற்காலை, எது மத்தியானம், எது எந்த அளவு. கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தெனமுமா?”

தினமும்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் புல்லை இறக்கப் போனார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை, கீழே மில்லில் சீரகம் வறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். வேலிப் பெட்டியின் கோடு, அத்தனை மாதமும் தரையோடு தரையாக ஓடிய கோடு, மெல்ல எழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்பெட்டியின் கோடு இறங்க ஆரம்பித்தது. ஒன்று ஏற ஏற மற்றது இறங்கியது. தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது என்று கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே எனக்குத் தெரிந்தது. யாரும் போன் செய்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாஸ் என் தோளைத் தொட்டபோதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. இந்தத் தடவை அவர் சாப்டாச்சா என்று கேட்கவில்லை.

அக்கா ஏணியைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் தீவனப் பீப்பாயைக் கவிழ்த்து அதன் மேல் ஏறித் தனியாகவே கழற்றியிருக்கிறார். இதை அக்காவே பிறகு என்னைத் திட்டும்போது சொன்னார். திட்டி முடித்துவிட்டு டீ கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த சில வாரங்கள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. கொட்டகைக்குள் வெயில் விழுந்தது. மாடுகள் வெளியே பார்த்தபடி அசைபோட்டன. அக்காவின் பேச்சு நடுவில் அறுபடாமல் முழுசாக வந்தது, அது எனக்குப் புதுசு. நானும் பாஸும் எங்களால் ஆனதைச் செய்து பார்த்தோம். கறப்பதற்கு முன்னாலேயே தரையைக் கழுவுவது, சாணியை அப்போதைக்கப்போது அள்ளுவது, மேலே காற்றாடி வைப்பது. எல்லாவற்றுக்கும் வேலிக் கோடு கொஞ்சம் கொஞ்சம் இறங்கியது. வரம்புக்குக் கீழே மட்டும் போகவில்லை. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினோம். எழுதிய பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் மாற்றி எழுதியிருக்கலாமோ என்று இன்றுவரை நினைத்ததில்லை.

காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். வேறு இடம் தேடினார்கள், தோதாக அமையவில்லை. மாடுகளைக் கூலிம் பக்கம் ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். லாரி வந்த அன்று நான் போகவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவர்கள் பாகான் டாலாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். அண்ணன் பிறையில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் எங்கள் கம்பெனியும் மாடியைக் காலி செய்துகொண்டு பெரிய இடத்துக்குப் போனது.

போன மாதம் அக்கா போன் செய்து கூப்பிட்டார். வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டு வா என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, கொண்டு வாயேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் இருந்த மாடிக்கு ஏறிப் போனேன். வீடு துப்புரவாக இருந்தது. தரை பளபளவென்று, சன்னலில் புதுத் திரைச்சீலை. அக்கா கொஞ்சம் சதை போட்டிருந்தார். நான் இருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட இருமவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. டீ கொடுத்தார். பாக்கெட் பால் டீ. குடித்துவிட்டுப் பெட்டியை வெளியே எடுத்தேன்.

மேசையில் பெட்டியை வைத்து, சூடேற விட்டு, கைப்பேசியைத் திறந்தேன். எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். ஒன்றுமே இல்லை, சுத்தமான காற்று என்று பெருமையாகச் சொன்னேன்.

“ஒண்ணுமே இல்லியா? நல்லா பாரு தங்கச்சி.”

நன்றாகப் பார்த்தேன். கோடு தரையில் படுத்திருந்தது. இல்லை அக்கா என்றேன்.

எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வாய் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. மாட்டை விற்கும்போது கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டு வந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். விற்றவர் வீட்டில் கயிறு தங்கிவிடும். அக்கா பையின் முடிச்சை அவிழ்த்து, கழுவாமல் வைத்திருந்த ஒரு பழைய கழுத்துக் கயிற்றை எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்தி அதைப் பெட்டியின் வாய்க்கு நேரே பிடித்தார். என்னைப் பார்க்கவில்லை, கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு அசைந்தது. கொஞ்சம் நின்று, மெல்ல எழுந்தது.

“இருக்குலா,” என்றார் அக்கா.